குர்துகள் என் அறையைப் பிடுங்கிய கதை

23 பிப்ரவரி 2025, ஞாயிறு

கூட்டத்துக்கு ஒன்பது பேர். அதில் மூன்று பேர் கைப்பேசியை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. குர்து மலைப் போரின் வரலாற்றை நான் தொண்டை வற்றப் பேசிக்கொண்டிருக்கிறேன், சிறுசேரியில் கணினி வேலை பார்க்கும் கிரிதர் எழுந்து, "ஐயா, ஃபேனை ஒரு பாயிண்ட் கூட்டட்டுமா" என்கிறான். நான்கு நாடுகளுக்கு நடுவில் ஓர் இனம் நசுங்கிச் செத்துக்கொண்டிருக்கிறது. இவனுக்கு வேர்க்கிறதாம்.

புதுப்பட்டினம் மீன் சந்தையை ஒட்டிய தையல்கடைக்கு மேலே எங்கள் விடுதலைப் படிப்பு வட்டத்தின் அறை. ஓரத்தில் கழிப்பறை, மூன்று அலமாரி நிறையப் புத்தகம், சுவரில் நானே வண்ணம் பூசி வரைந்த குர்திஸ்தான் வரைபடம். ஊர்க்காரர்களுக்கு அது பைத்தியக்கார மாடி. எனக்கு அதுதான் நாடு. கல்பாக்கத்தில் அரசு வேலை பார்த்தபோது லக்ஷ்மிநாராயணன் என்ற பெயரில் அரசியல் எழுத முடியாது என்பதால் வேங்கைநாடன் ஆனேன். ஓய்வு பெற்ற பிறகும் வேங்கைநாடன்தான். வீட்டில் மட்டும் "இன்னாங்க".

28 பிப்ரவரி, வெள்ளி

துரோகம். துரோகம். துரோகம்.

தீவுச் சிறையில் இருக்கும் குர்துகள் தலைவரின் கடிதத்தை நேற்று இஸ்தான்புல்லில் படித்திருக்கிறார்கள். ஆயுதத்தைக் கீழே போடுங்கள், கட்சியைக் கலையுங்கள் என்கிறார். தனி நாடு தீர்வில்லையாம். கூட்டாட்சியும் இல்லையாம். தன்னாட்சியும் இல்லையாம். அப்புறம் இன்னாதான்யா வேணும் உனுக்கு? நாப்பது வருசமா மலையில செத்தவன்லாம் பிக்னிக்கா போனான்?

2009 மே மாதம் ஈழத்தில் எல்லாம் முடிந்தபோது இதே மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எழுந்து நடமாட மாதக்கணக்கானது. எழுந்ததே இந்தக் குர்துகளால்தான். நம்மால் முடியவில்லை, உலகத்தில் ஏதோ ஒரு மூலையில் ஏதோ ஓர் இனமாவது ஜெயிக்கட்டும், ஒரு கொடியாவது ஏறட்டும், பார்த்துவிட்டுச் சாகிறேன் என்று இருந்தேன். அதிலும் மண்ணள்ளிப் போட்டுவிட்டார்கள்.

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டேன். "யார வேணா திட்டுங்க, சோத்து மேல இன்னா கோவம்?" என்றாள் வல்லி. முப்பத்தைந்து வருடம் குடித்தனம் பண்ணியவளுக்கு என் வேதனை சோற்றில்தான் தெரிகிறது.

2 மார்ச், ஞாயிறு

அவசரக் கூட்டம். குர்து தொழிலாளர் கட்சியைக் கண்டித்துத் தீர்மானம் கொண்டுவந்தேன். ஆயுதத்தைக் கீழே வைப்பவன் தன் இனத்தின் கழுத்தில் கத்தி வைப்பவன் என்று எழுதியிருந்தேன். நல்ல வாக்கியம். படிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

கிரிதர் எழுந்தான். "ஐயா, அவங்க தனி நாட்ட வுட்டே இருவது வருசம் ஆவுது. அந்தத் தலைவர் ஜெயில்ல இருந்துகினே எழுதிட்டாரு. அரசு வேணாம், ஊர் ஊரா ஜனங்களே கூடி முடிவெடுக்கட்டும், பொம்பளைங்க விடுதலதான் மொதல்லன்னு. நம்ம அலமாரியிலயே அந்தப் புத்தகம் கீது. நீங்க வாங்கினதுதான்."

தெரியும்டா. படித்திருக்கிறேன். தந்திரம் என்று நினைத்தேன். சிறைக்குள் இருக்கிற ஆள் வேறு எப்படி எழுதுவான்? வெளியே வந்ததும் பழைய பாட்டைத்தான் பாடுவார் என்று நம்பினேன். இருபது வருடமா ஒருத்தர் தந்திரம் செய்வார் என்று கேட்கிறான். ஏன் செய்யக் கூடாது? செய்திருக்க வேண்டும்.

எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. குர்து போராளிகளிடமிருந்து நான்தான் எடுத்துவந்தேன். கூட்டத்தின் முடிவில் எந்தத் தோழரையும் மற்றவர்கள் விமர்சிக்கலாம். விமர்சிக்கப்படுபவர் வாய் திறக்கக் கூடாது. கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இன்று கிரிதரை உட்காரவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். முகம் கறுத்துப்போனது. பதில் பேச முடியாதே!

கிரிதரும் அவனுடைய இரண்டு நண்பர்களும் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். தீர்மானத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, ஜெர்மனியில் இருக்கும் ஒரு குர்து அமைப்புக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். செங்கல்பட்டு மாவட்டம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்காது என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

9 மார்ச்

பதில் இல்லை.

21 மார்ச், வெள்ளி

நவ்ரோஸ். குர்துகளின் புத்தாண்டு. ஒவ்வொரு வருடமும் கடற்கரையில் தீ மூட்டி உறுதிமொழி எடுப்போம். இந்த வருடம் இல்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மூட்டுவது?

13 ஏப்ரல், ஞாயிறு

ஐந்து பேர் வந்தார்கள். கிரிதரும் நண்பர்களும் இனி வர மாட்டோம் என்று சொல்லத்தான் வந்தார்கள். அவர்களும் போனால் மிச்சம் நானும், காது கேட்காத ராமானுஜமும்.

தொடர்ந்து வர வேண்டுமானால் என்று கிரிதர் ஒரு நிபந்தனை வைத்தான். குர்துகளின் புதிய முறையை வட்டத்தில் நடைமுறைப்படுத்த வேண்டும். ஒவ்வொரு பொறுப்பிலும் ஓர் ஆண், ஒரு பெண், இணையாக. பெண்கள் தனியாக ஓர் அவை கூட்டுவார்கள். பெண்கள் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அந்த அவை எடுக்கும் முடிவை ஆண்கள் மாற்ற முடியாது.

ஒத்துக்கொண்டேன். எனக்கும் தந்திரம் தெரியும். இணைத் தலைவராக வல்லியின் பெயரை நானே முன்மொழிந்தேன். நம்ம வூட்டு ஆளு, காட்டின இடத்துல கையெழுத்து போடுவா. விதிகளைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தான், கையெழுத்துப் போட்டேன். பெண்கள் அவை என்றால் யார்? வல்லியும் கிரிதர் பெண்டாட்டி ஸ்ரீதேவியும். கூடி ஊறுகாய் பற்றிப் பேசட்டும்.

வீட்டில் சொன்னேன். "இன்னா தலைவரு?" என்றாள் வல்லி. "இணைத் தலைவர்." "அப்ப நான் உட்காரலாமா?" என்றாள். கேலியா என்று தெரியவில்லை. அவள் முகத்திலிருந்து எனக்கு எப்போதுமே எதுவும் தெரிந்ததில்லை.

12 மே, திங்கள்

கலைத்துவிட்டார்கள். கட்சியே இல்லையாம் இனிமேல்.

வேறொன்றும் எழுத வரவில்லை.

14 மே, புதன்

வல்லி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிரிதர் கொடுத்த தாள்களைப் படிக்கிறாள். குர்துப் பெண்கள் எப்படித் தெருத் தெருவாக அவை கூட்டினார்கள் என்பது பற்றி. பருப்பு கரிந்தது. கேட்டேன்.

"படிச்சிக்கினு இருந்தேன்" என்றாள். அவ்வளவுதான். மன்னிப்பு கின்னிப்பு எதுவும் கிடையாது.

"இதெல்லாம் இப்ப எதுக்கு உனுக்கு?"

"நீங்கதான போட்டீங்க தலைவர்னு."

6 ஜூன், வெள்ளி

பெண்கள் அவை முதல் கூட்டம் இன்று. நான் எதிர்பார்த்தது இரண்டு பேர். பதினைந்துக்கு மேல் செருப்பு கிடந்தது வாசலில். எல்லாம் சந்தையில் மீன் விற்கும் பெண்கள். வல்லி வாடிக்கையாக ரூத்திடம் மீன் வாங்குகிறவள், அவளிடம் சொல்லியிருக்கிறாள், அவள் சந்தையையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். என்னை உள்ளே விடவில்லை. ஆண்கள் கூடாதாம். என் அறை! நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். தையல்காரர் ஊசியில் நூல் கோப்பதுபோல் பாவலா காட்டிக்கொண்டு சிரிக்கிறார்.

வெளியே வந்ததும் வல்லி முடிவைச் சொன்னாள். சந்தையில் பெண்களுக்கு ஒதுங்க இடம் இல்லை. விடியலில் வந்து கூடையை இறக்கினால் மத்தியானம் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தண்ணீரே குடிப்பதில்லை. அதனால் தினமும் சந்தை நேரத்தில் வட்டத்தின் அறை அவர்களுக்குத் திறந்திருக்கும். கழிப்பறை, மின்விசிறி, கொஞ்ச நேரம் காலை நீட்ட இடம்.

எனக்குத் தலை சுற்றியது. "குர்து விடுதலைக்கும் கக்கூசுக்கும் இன்னாடி சம்பந்தம்?"

ரூத் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "இன்னா அண்ணாத்த, ஒலகத்துல கீற ஜனத்துக்கெல்லாம் நாடு வாங்கிக் குடுக்குறீங்கோ. எங்களுக்கு ஒரு சாவி குடுக்க மாட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்ரீதேவியை அழைத்துப்போக வந்திருந்த கிரிதரும். விதி பெண்கள் பக்கம். கையெழுத்து என்னுடையது.

17 ஜூன், செவ்வாய்

அறையில் நுழைந்தால் நெத்திலி வாடை. வரைபடத்துக்குக் கீழே வெற்றுக் கூடைகளை அடுக்கியிருக்கிறார்கள். வரைபடத்தில் வான் என்ற ஏரியின் மேல் ஈரக் கை பட்டு வண்ணம் கரைந்திருக்கிறது. போராட்ட வரலாறு இரண்டாம் தொகுதியைத் தலைக்கு வைத்து ஒருத்தி தூங்குகிறாள். வாய் பிளந்து, குறட்டை.

நான் சாதி பார்க்கிறவன் இல்லை. ஊருக்கே தெரியும். என் கல்யாணத்தில் சமபந்தி போட்டவன். இது வாடை பற்றிய விஷயம். இடம் பற்றிய விஷயம். எதற்கும் ஒரு இடம் வேண்டாமா? நாடு போய்விட்டது, கட்சி போய்விட்டது, நாலு சுவர்தான் இருந்தது, அதுவும் போனால் நான் எங்கே போய் உட்காருவது? யாராவது கேட்டார்களா என்னை? ஒருத்தர்?

24 ஜூன், செவ்வாய்

புதுப் பூட்டு வாங்கி மாட்டிவிட்டு வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. போதும் கூத்து.

24 ஜூன், மாலை

தையல்காரர் வீட்டுக்கு வந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார். ரூத்துக்குச் சர்க்கரை நோய், அடக்க முடியாதாம். பதினோரு மணிக்கு மாடி ஏறியிருக்கிறாள். பூட்டு. கதவைத் தட்டியிருக்கிறாள். இறங்கி வேறு எங்காவது போவதற்குள் படியிலேயே ஆகிவிட்டது. கடையில் துணி தைக்க வந்த ஆட்கள் நின்றிருக்கிறார்கள். இவர் ஒரு லுங்கித் துணியை எடுத்து மேலே போட்டிருக்கிறார். அவள் கூடையைக்கூட எடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

வல்லி அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு ரூத் வீட்டுக்குப் போனாள்.

எனக்கு எப்படித் தெரியும்? சர்க்கரை நோய் என்று யாராவது சொன்னார்களா? நான் ஒரு பூட்டுதான் போட்டேன். என் அறைக்கு.

29 ஜூன், ஞாயிறு

வட்டம் கூடியது. சந்தைப் பெண்களும் வந்திருந்தார்கள். ரூத் கடைசி வரிசையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இணைத் தலைவர் விமர்சனத்தை ஆரம்பிக்கலாம் என்றாள். இணைத் தலைவர்! என் பெண்டாட்டி! யாரை என்று கேட்க வேண்டியதே இல்லை. நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டிருந்தார்கள்.

பூட்டைப் பற்றிக் கத்துவாள் என்று நினைத்தேன். பதில் தயாராக வைத்திருந்தேன், மனத்துக்குள்ளாவது சொல்லிக்கொள்ள. அவள் கத்தவில்லை. பூட்டைப் பற்றி ஒரே ஒரு வரி. "அவர் பூட்னது அவருக்கே தெரியும், அத நான் சொல்ல வேணாம்" என்றாள். பிறகு இதைச் சொன்னாள்:

"எனக்குக் கர்ப்பப்பை எடுத்த அன்னிக்கு இவர் இந்த ரூம்லதான் இருந்தார். கோபானின்னு ஒரு ஊர்ல பொம்பளைங்க துப்பாக்கி எடுத்துகினு சண்ட போட்டாங்களாம், அவங்களுக்கு வீரவணக்கக் கூட்டம். நல்லா பேசினாராம். பேப்பர்ல வந்திச்சி. பொம்பளைங்க தியாகம் பத்திப் பேசி அழுதாராம். என் பக்கத்துல ரூத்து இருந்தா. அவ அன்னிக்கு யாவாரத்துக்குப் போவல."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். புடவைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் வாய் திறக்கக் கூடாது. விதி. நானே போட்ட விதி. கிரிதர் தரையைப் பார்த்தான். அவனுக்காவது சந்தோஷமாக இருக்கும் என்று பார்த்தேன், இல்லை. ராமானுஜம் பக்கத்தில் இருப்பவரிடம் "இன்னா சொல்றாங்க?" என்று கேட்டார். யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

சாவியை மேசை மேல் வைத்தேன். வல்லி எடுத்து ரூத்திடம் நீட்டினாள். ரூத் கொஞ்ச நேரம் வாங்கவே இல்லை.

30 ஜூன், திங்கள்

என் பதில்.

ஒன்று, அன்று கூட்டத்தை ஒத்திவைக்க முடியாது. காஞ்சிபுரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். இரண்டு, அறுவை சிகிச்சை என்று சொன்னாள், பெரிய அறுவை சிகிச்சை என்று சொல்லவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க, ரூத்து இருக்கா" என்று அவள் வாயாலேயே சொன்னாள். சொல்லிவிட்டு இப்போது ஊர் முன்னால் வைத்து மானத்தை வாங்கினால்? மூன்று

மூன்றாவது என்ன?

பதினோரு வருடம் மனசில் வைத்துக்கொண்டு இருந்தாளா? பக்கத்திலேயே படுத்துக்கொண்டு? எனக்குக் காபி கலந்து கொடுத்துக்கொண்டு? ஒரு வார்த்தை வீட்டில் சொல்லியிருக்கலாமே. வீட்டில் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனே.

கேட்டிருக்க மாட்டேன். கத்தியிருப்பேன்.

4 ஜூலை

அவள் பேசுகிறாள், சமைக்கிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பால்காரனைத் திட்டினேன்.

11 ஜூலை, வெள்ளி

குர்து மலையில், சுலைமானியா என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு குகை வாசலில் முப்பது போராளிகள் ஆயுதங்களை எரித்தார்கள். கைப்பேசியில் பார்த்தேன். ஒரு பெரிய அண்டா. வரிசையாக வந்து துப்பாக்கியை அதில் வைக்கிறார்கள். முதலில் வைத்தது ஒரு பெண். தலைவி. நரைத்த முடி. மாரில் அடித்துக்கொள்ளவில்லை, அழவில்லை, கோஷம் போடவில்லை. தோளிலிருந்து கழற்றி, பார்த்து, வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

முண்டம், முண்டம் என்று கத்திக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டேயிருந்தது. எனக்கு அந்தத் துப்பாக்கி வேண்டியிருந்தது. அவர்களுக்கு இல்லை, எனக்கு. நான் ஒரு நாள்கூட அதைத் தூக்கியதில்லை, தூக்கியிருந்தால் தோள் இற்றுப்போயிருக்கும், ஆனால் அது அங்கே அந்த மலையில் யார் தோளிலாவது தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். அது தொங்கினால்தான் எனக்கு இங்கே புதுப்பட்டினத்தில் முதுகு நிமிரும். இப்படி ஒரு கேவலத்தை எழுதவேண்டி வந்ததே.

வல்லி வந்து பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி போடச் சொன்னாள். போட்டேன்.

"இந்தப் பொம்பள எத்தினி வருசமா மலையில கீது?"

"முப்பது வருஷம் இருக்கும்."

"இப்ப வூட்டுக்குப் போவுமா?"

தெரியவில்லை. வீடு எங்கே, வீட்டில் யார் இருக்கிறார்கள், உள்ளே விடுவார்களா, ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருடம் பேசியிருக்கிறேன். அந்த மலையிலிருந்து ஒருத்தி இறங்கினால் எங்கே போய்ப் படுப்பாள் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

"போவட்டும் பாவம்" என்றாள் வல்லி.

20 ஜூலை, ஞாயிறு

வட்டத்துக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று கிரிதரிடம் சொல்லச் சொன்னேன். "பொய் நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்க" என்றாள். நானும் சொல்லவில்லை. வல்லி மட்டும் போய்வந்தாள். அறைக்கு வெள்ளையடிக்கிறார்களாம். வரைபடத்தை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொல்லியிருக்கிறாளாம். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

காலையில் வல்லி கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். நான் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு ஒரே பக்கத்தை ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது.

"அன்னிக்கு ரொம்ப வலிச்சிதா?"

கை நின்றது. என்றைக்கு என்று கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை.

"இப்ப கேக்குறீங்க" என்றாள். அப்புறம் மறுபடி நார் உரிக்க ஆரம்பித்தாள். உரித்துக்கொண்டே சொன்னாள். ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகும்போது குளிரில் பல் கிட்டியது. கூட யார் வந்திருக்கீங்க, கையெழுத்துப் போடுங்க என்று நர்ஸ் கேட்டபோது ரூத் "நான் இவ அக்கா" என்று சொல்லிப் போட்டிருக்கிறாள். பெயரைப் பார்த்துவிட்டு நர்ஸ் ஏற இறங்கப் பார்த்தாளாம்.

"மயக்கம் தெளிஞ்சதும் உங்களத்தான் கேட்டேன். மருந்து வாங்கப் போயிருக்காரு, இப்ப வந்துருவாருன்னு ரூத்து சொன்னா. கொஞ்ச நேரம் கழிச்சி மறுபடி கேட்டேன். டாக்டரப் பாக்கப் போயிருக்காருன்னா. பொழுது சாயற வரைக்கும் உங்களுக்காக அவ பொய் சொல்லிக்கினே இருந்தா. பொய்யின்னு எனக்கும் தெரியும். கேட்டுக்கினே இருந்தேன். அவ சொல்லச் சொல்ல நல்லா இருந்திச்சி."

எனக்கு அப்போது ஒரு விளக்கமும் தோன்றவில்லை. அவள் இன்னும் என்னென்னவோ சொன்னாள், எல்லாவற்றையும் இங்கே எழுத மாட்டேன், அவை அவளுடையவை. முடித்தபோது காய் முழுக்க உரிந்திருந்தது.

ஒரு நாள் முழுக்க அந்த ரூத்து என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவளைத்தான் நான் படியில்.

அவளிடம் பேச வேண்டும். எனக்கு மேடையில்லாமல், தலைப்பில்லாமல், "மதிப்பிற்குரிய" என்று ஆரம்பிக்காமல் பேச வராது. உட்கார்ந்து இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். இரண்டும் தீர்மானம் மாதிரியே இருந்தது. கிழித்துப்போட்டேன். வல்லியிடமே கேட்டேன், ரூத்திடம் என்ன சொல்லட்டும் என்று.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். காலையில சந்தைக்குப் போய் அவ எதிர்ல நில்லுங்க. திட்டுவா. நல்லா திட்டுவா. முடியற வரைக்கும் நில்லுங்க."

நாளைக்குப் போகிறேன்.